கவுண்டரில் நின்ற முகம்

சித்தியின் வெறும் முகத்தை அவள் வேலை பார்க்கும் கடையில் ஒருவரும் பார்த்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். எல்லாரும் எழுவதற்கு முன்பே குளியலறைக்குள் போய்விடுவாள். கதவு திறக்கும்போது கண், புருவம், உதடு எல்லாம் அதனதன் இடத்தில் தயாராக இருக்கும். காய்ச்சலில் கிடந்தபோதுகூட பவுடர் போட்டுக்கொண்டுதான் டாக்டரிடம் போனாள். "மேடம், உங்களுக்கு என்ன பண்ணுது, நல்லாத்தானே இருக்கீங்க?" என்று அவர் கேட்டதை ஒரு பட்டம் வாங்கியதுபோல் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள்.

பள்ளிக்கூட நாட்களில் அவளுக்கு முகம் முழுக்கப் பரு. கிள்ளிக் கிள்ளி அவை போன பிறகு இரண்டு கன்னங்களிலும் பள்ளங்கள் தங்கிவிட்டன. வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் சல்லடை. பெயர் வைத்தவள் அவளுடைய நெருங்கிய தோழி என்பதை என் அம்மா இப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். சித்தி சொல்லமாட்டாள். அந்த வயதிலேயே ஃபவுண்டேஷன் வாங்கிப் பழகிவிட்டாள். சுவரில் விரிசலைப் பூசுகிறவர் மாதிரி, முதலில் பள்ளத்தை மட்டும் நிரப்பி, காயவிட்டு, அதன் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு. எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் தெரியாது.

வேலை கிடைத்ததும் அப்படித்தான். பெரிய கடையின் அழகுசாதனக் கவுண்டரில் ஏதோ வாங்க நின்றிருக்கிறாள். பக்கத்தில் தழும்பு முகத்தோடு ஒரு பெண். கவுண்டர்காரி அந்தப் பெண்ணின் கன்னத்தில் அப்பி அப்பிப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள். "இப்படி வையுங்க" என்று சித்தி பிரெஷை வாங்கிச் செய்து காட்டினாள். அந்தப் பெண் மொத்தப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு போனாள். அப்போதைய மேனேஜர் சித்தியை மறுநாளே வரச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் வேறெங்கும் வேலை பார்த்ததில்லை. புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தொழில் சொல்லிக்கொடுப்பாள். அவர்கள் வைத்த பெயர் வாத்தியாரம்மா.

நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது, நிலைக்கவில்லை. "காலையில நான் முகம் கழுவிட்டு வந்தேன். யாரோ வீடு மாறி வந்துட்டாங்கன்னு பயந்துட்டாரு பாவம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பதற்காகச் சொல்வது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

சில வருடங்கள் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்து, அம்மாவோடு ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல், நான் சித்தி வீட்டில் போய் விழுந்தேன். கதவைத் திறந்தவள் என்னை உள்ளே விடும் முன்பே தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"என்னடி இது மூஞ்சி? துணி காயப்போடுற கம்பியில தொங்கிட்டு வந்தியா?"

"உலகம் சுத்திட்டு வந்திருக்கேன் சித்தி."

"தெரியுது. உலகமும் உன் மேல நல்லா சுத்தியிருக்கு. போய் முகம் கழுவு, ஒண்ணு தரேன்."

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு டப்பா நிறைய சிறு குப்பிகள். எல்லாம் கடையின் டெஸ்டர்கள். வாடிக்கையாளர்கள் தொட்டுப் பார்ப்பதற்காகத் திறந்து வைப்பவை. பழையதானால் கொட்டிவிட வேண்டும் என்பது கடையின் சட்டம். யாரும் கொட்டுவதில்லை. கவுண்டர் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வார்கள். சித்தி அதில் கெட்டிக்காரி. ஒரே பெயருள்ள குப்பிகளின் அடிமிச்சங்களையெல்லாம் வழித்து ஒரே குப்பியில் சேர்த்துவிடுவாள். ஆயிரம் பேர் விரல் விட்ட சரக்கு அது. "அதனால என்ன, எல்லாம் பெரிய வீட்டு விரல்" என்பாள்.

நான் வந்து சேர்ந்த சில நாட்களில் கடைக்கு ஒரு செய்தி வந்தது. புதிதாக ஒரு மெஷின் வைக்கப் போகிறார்கள். முகத்தை அதற்குள் நீட்டினால் தோலைப் பலமடங்கு பெரிதாக்கி, சுவர் அகலத் திரையில் காட்டும். மேனேஜர் எல்லாரையும் கூட்டி விளக்கியிருக்கிறார். இவர் இப்போதைய மேனேஜர், சித்தியைவிட வயதில் சிறியவர், யாரைப் பார்த்தாலும் அக்கா என்பவர்.

"கஸ்டமர் முதல்ல கூச்சப்படுவாங்க. அதனால நம்ம ஆளுங்க முதல்ல முகத்தை வெச்சுக் காட்டணும். மேக்கப் இல்லாம" என்றாராம். ஒருத்தி "முடியாதுன்னா?" என்று கேட்டிருக்கிறாள். "முடியாதவங்களுக்குக் கீழே ஸ்டாக் ரூம்ல வேலை இருக்கு."

ஸ்டாக் ரூம் தரைக்குக் கீழே இருந்தது. நாள் முழுக்கப் பெட்டி பிரித்து, விலைச்சீட்டு ஒட்ட வேண்டும். ஜன்னல் கிடையாது. அங்கே அனுப்பப்பட்டவர்கள் மறுபடி மேலே வந்ததாகச் சரித்திரம் இல்லை. வாசனைத் திரவியக் கவுண்டரில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு அக்கா கீழேதான் இருக்கிறார். சாப்பாட்டு வேளையில் மேலே வரும்போது வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடப்பார். புதுப் பெண்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. சித்தி அவரைப் பார்த்தால் கையில் இருக்கும் வேலையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள்.

அந்த வாரமே ஒரு தோல் கிளினிக்கில் மைக்ரோநீட்லிங் செய்துகொள்ள நாள் குறித்துவிட்டு வந்தாள். மெல்லிய ஊசிகளால் முகம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குத்துவார்கள். தோல் அந்தக் காயங்களை ஆற்றிக்கொள்ளும் வேகத்தில் பழைய பள்ளங்களும் கொஞ்சம் நிரம்பும். ஒரு தடவையில் எல்லாம் போய்விடாது என்று முன்கூட்டியே சொன்னார்களாம். "பாதி போனாக்கூடப் போதும்டி, மீதியை வாயால அடைச்சுடுவேன்" என்றாள்.

துணைக்கு நான் போனேன். முடிந்து வெளியே வந்தபோது நல்ல வெயிலில் தூங்கி எழுந்தவள்போல முகம் சிவந்திருந்தது. பவுடர் இல்லாத அந்த முகத்தை நான் முதல்முறையாக முழு வெளிச்சத்தில் பார்த்தேன். அவளைவிட இளையவள் ஒருத்தியின் முகம் மாதிரி இருந்தது. சொல்லியிருந்தால் அடித்திருப்பாள்.

நர்ஸ் சின்னப் பெண். பேச்சில் ஒளிவுமறைவே இல்லை.

"இன்னிக்கு நாங்க குடுக்கிற க்ரீம் மட்டும்தான். கையால முகத்தைத் தொடக்கூடாது. கழுவணும்னா பச்சைத் தண்ணி, ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அடுப்புப் பக்கம், ஆவி, வியர்க்கிற வேலை எதுவும் வேண்டாம். சீரம் கூடாது, ஸ்க்ரப் கூடாது, மேக்கப் கூடாது. நாங்க சொல்ற வரைக்கும்."

"தெரியும்மா. நானும் இதே லைன்தான்."

"எந்த லைனா இருந்தாலும் தோல் தோல்தான் மேடம். இப்போ உங்க முகம் பூரா சின்னச் சின்னதா வழி திறந்திருக்கு. எதைப் போட்டாலும் நேரா உள்ளே போயிடும். அதான் சொல்றேன், எதையும் போடாதீங்க."

சித்தி தலையை ஆட்டினாள். ஆனால் அந்தப் பெண் எச்சரிக்கையாகச் சொன்னது இவள் காதில் வேறு விதமாக விழுந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நேராக உள்ளே போகும் என்பதுதானே அவள் தினமும் விற்கும் வாக்கியம்? சாதாரணத் தோலில் எதுவும் அப்படிப் போவதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வருடக்கணக்காகச் சொல்லி விற்றவளிடம், இப்போது ஒரு நர்ஸ் வந்து, உங்கள் தோலில் அது நிஜமாகவே போகும் என்று சொல்கிறாள்.

முதல் நாள் நல்ல பிள்ளையாக இருந்தாள். மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து, சமையலறையில் நான் செய்வதையெல்லாம் அங்கிருந்தே குறை சொன்னாள். மறுநாள் சாயங்காலம் முகம் இறுகுகிறது என்றாள். சிரிக்க முடியவில்லை, காகிதம் ஒட்டியதுபோல் இருக்கிறதாம்.

"அந்த க்ரீமை இன்னும் கொஞ்சம் போடு சித்தி."

"அது வெறும் மெழுகுடி. இப்ப தோல் பசியோட இருக்கு. சோறு போட வேண்டிய நேரத்துல யாராவது மெழுகு ஊட்டுவாங்களா?"

நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோது ஃப்ரிட்ஜ் திறந்திருந்தது. கடையில் அதிகம் விற்கும் சீரம், பழ அமிலமெல்லாம் சேர்த்து முகத்துக்குப் பொலிவு தருவது, அவள் பல குப்பிகளின் மிச்சத்தைச் சேர்த்து வைத்திருந்தது, அவள் இரண்டு கன்னங்களிலும் பளபளத்தது.

"போடக்கூடாதுன்னு சொன்னாங்களே!"

"சொல்லுவாங்க. அவங்க சரக்கை விக்கணும் இல்ல?" கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. கையால் விசிறிக்கொண்டாள். "சுருக்குன்னு இருக்கு. வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

கழுவு என்று கெஞ்சினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கழுவினாள், அதுவும் அழுதுகொண்டே.

விடிந்தபோது கண்கள் பாதி மூடிக்கொள்ளுமளவுக்கு முகம் வீங்கியிருந்தது. கன்னங்களில் நீர் கசிந்தது. மறுபடி கிளினிக். அதே நர்ஸ். பார்த்ததும் அவள் முகமும் மாறிவிட்டது.

"என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே. தலையணை உறை மாத்த மறந்துட்டேன். அதுவா இருக்கும்."

"தலையணை உறை இப்படிச் சுடாது மேடம்."

"உங்க ஊசி சுத்தமா இருந்துச்சா?"

சித்தியின் கவுண்டர் குரல் அது. வீங்கிய உதட்டோடும் வழுக்காமல் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "சீரம் போட்டாங்க. திறந்து வெச்சிருந்த பழைய குப்பி" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் வந்து பார்த்தார், திட்டவில்லை. களிம்பும் மாத்திரையும் எழுதித் தந்தார். வீக்கம் வடிந்துவிடும், ஆனால் கன்னத்தில் கருந்திட்டு விழும் என்றார். பல மாதங்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டால், முக்கியமாக வெயில் படாமல் காத்தால், அதுவும் மங்கிவிடும் என்றார்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் சித்தி என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொடிப்பொண்ணு முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்ட."

"சொல்லலைன்னா தப்பா மருந்து குடுத்திருப்பாங்க."

"குடுக்கட்டுமே. நான் விக்கிற சாமானைப் போட்டு என் மூஞ்சியே வெந்துபோச்சுன்னு நீ அங்க சொல்ற. நாளைக்கு அதே குப்பியைக் கையில எடுத்து நான் என்னன்னு பேசுவேன்?"

களிம்பை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் போய் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு அவளைப்போல் ஒரு நோயாளி கிடைக்கமாட்டாள். டப்பாவோடு குப்பிகளைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். கைகழுவாமல் முகத்தருகே விரலைக் கொண்டுபோகமாட்டாள். தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல விடுவாள், பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒத்துவாள், ஈரம் முழுதாகக் காயும் முன் முன்பு மெழுகு என்று ஏசிய அந்த க்ரீமைத் தடவுவாள். தலையணை உறை தினமும் துவைத்தாள். போன் கன்னத்தில் படாமல் ஸ்பீக்கரில் பேசினாள், அதனால் அம்மா என்னைப் பற்றி அவளிடம் சொல்வதெல்லாம் எனக்கும் கேட்டது. பொருக்கு உதிர்ந்தபோது பிய்க்காமல் இருப்பதற்குக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். தோல் மூடியதும் டாக்டர் சொன்ன சன்ஸ்கிரீன், வீட்டுக்குள் இருக்கும்போதும்.

வீக்கம் வடிந்தது. பள்ளங்கள் உண்மையிலேயே கொஞ்சம் மேடேறியிருந்தன. ஊசி தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. ஆனால் கன்னம் முழுக்கத் திட்டுத்திட்டாகப் பழுப்பு, தேநீர் சிந்திய மேசைத்துணி மாதிரி. மேக்கப் போட்டால் மறையும். மெஷின் முன்னால் மேக்கப் கிடையாது.

மெஷின் வைத்த நாள் நானும் கடைக்குப் போனேன், வாடிக்கையாளர்போல் ஓரமாக நின்றேன். முதலில் குட்டி என்று எல்லாரும் கூப்பிடும் புதுப் பெண் முகத்தை வைத்தாள். சித்திதான் அவளுக்குத் தொழில் பழக்கியிருந்தாள். திரையில் வழவழவென்று ஒரு கன்னம் விரிந்தது. சனங்கள் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் "இவளுக்கென்ன, சின்ன வயசு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மேனேஜர் சித்தியைப் பார்த்தார். சித்தி துணியால் முகத்தைத் துடைத்தாள். அத்தனை வருடப் பூச்சும் அந்தத் துணியில் வந்தது. பக்கத்துக் கவுண்டர் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குட்டி மட்டும் "அக்கா..." என்றாள். சித்தி குனிந்து முகத்தை மெஷினுக்குள் நீட்டினாள்.

திரை முழுக்கப் பழுப்புத் திட்டுகள், வறண்ட ஏரி மாதிரி. போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒரு அம்மாள் தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஐயோ, எனக்கும் இப்படி ஆகுமா?" என்றாள்.

மேனேஜர் ஒரு நொடி தாமதிக்கவில்லை. "ஆகாம இருக்கத்தான் மேடம் இந்தச் சீரம்."

அதே சீரம். அவர் நீட்டிய குப்பியை அந்த அம்மாள் வாங்கிக்கொண்டாள். பின்னால் இருந்தவளும் கேட்டாள். கூட்டம் கலைந்த பிறகு அவர் சித்தியிடம் வந்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு பாசம்.

"அக்கா, மெஷினுக்கு நீங்கதான். வேற யாரும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு, யாராவது கேட்டா பராமரிக்காம விட்டதுல வந்ததுன்னு சொல்லுங்க."

"எதைப் பராமரிக்காம?"

"அதான், நம்ம சீரத்தைப் போடாம."

சித்தி என் பக்கம் பார்த்தாள். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று பயந்த பார்வை அது. நான் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த வாடிக்கையாளர் வந்து நின்றதும், அவள் தன் கன்னத்தைக் காட்டி, வழுக்காத அந்தக் குரலில் ஆரம்பித்தாள். "நானும் உங்களை மாதிரிதாங்க, கண்டுக்காம விட்டுட்டேன்..."

அந்தக் கவுண்டரில் அதற்கு முன் அப்படி விற்றதில்லை என்றார்கள். சித்தியின் படத்தை ஊழியர் அறையில் மாட்டினார்கள், மேக்கப் போட்ட படம்தான். வீட்டில் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். கடையில் நடந்ததை நடித்துக் காட்டுவாள். "ஒருத்தி என் கன்னத்தைப் பார்த்து அழுதுட்டாடி. அழுதுகிட்டே ரெண்டு வாங்கிட்டுப் போனா." நான் சிரிக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்வாள்.

ஆனால் அவள் முகத்தை ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னது பலித்தது. மாதங்கள் போகப்போகத் திட்டுகள் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கின. ஒரு நாள் காலையில் வெறும் முகத்தோடு குளியலறையிலிருந்து வெளியே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தாள். நான் எதுவும் சொல்லாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"என்ன பார்க்கிற?"

"ஒண்ணுமில்லை. நல்லா இருக்கு."

"நெசமாவா?" என்றாள்.

அன்று மாலை வேலையிலிருந்து வந்தவளின் முகம் செத்திருந்தது. மேனேஜர் மெஷினில் பார்த்துவிட்டு, "என்னக்கா, தெளிஞ்சுட்டே வருது?" என்றாராம், சம்பளம் வாங்கிக்கொண்டு வேலைக்கு மட்டம் போட்டவளிடம் கேட்பதுபோல். சும்மா சொன்னதுதான். கூடவே, கீழே ஸ்டாக் ரூமில் ஒரு ஆள் குறைகிறது, அனுபவம் உள்ளவர் இருந்தால் நல்லது என்றும் சும்மாதான் சொன்னாராம்.

"மறுபடி ஃபவுண்டேஷன் போட்டுட்டு பழைய மாதிரி வித்துட்டுப் போ சித்தி. வேற கடை இல்லாமலா போச்சு?"

"என் வயசுக்கு எந்தக் கடையில கவுண்டர் குடுப்பாங்க?"

சில வாரங்களில் திட்டுகள் மறுபடி கறுக்க ஆரம்பித்தன. முதலில் எனக்குப் புரியவில்லை. களிம்பை மாற்றினாளா, திரும்ப எதையாவது தடவினாளா என்று ஃப்ரிட்ஜைக்கூடப் பார்த்தேன். குளியலறையில் சன்ஸ்கிரீன் ட்யூப் போன மாதம் இருந்த அதே எடையில் இருந்தது.

மறுநாள் மதிய ஷிஃப்டுக்கு அவள் கிளம்பியபோது நானும் இறங்கினேன். எங்கள் தெருவில் ஒரு பக்கம் முழுக்க உயரமான கட்டடங்களின் நிழல். எல்லாரும் அந்தப் பக்கம்தான் நடப்பார்கள். சித்தி எதிர்ப்பக்கம் போனாள். அங்கே ஆளே இல்லை, தார் உருகிக்கொண்டிருந்தது. குடை கைப்பைக்குள்ளேயே இருந்தது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"சித்தி, இந்தப் பக்கம் வா."

"எனக்கு இதுதான் வசதி."

"என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா?"

"எல்லாம் தெரியும். உன்னைவிட நல்லாவே தெரியும்." கையை உருவிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. "உனக்கென்னடி, பிடிக்கலைன்னா பையைத் தூக்கிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவ. எனக்குப் போறதுக்கு ஒரே இடம்தான் இருக்கு. அதுக்குப் படியிறங்கணும்."

"அதுக்காக?"

"போய் நிழல்ல நில்லு, போ. இருக்கிற மூஞ்சியும் கருகிடும்."

பஸ் நிறுத்தத்தில் கூரை இருந்தது. அதன் கீழே இருக்கையும் காலியாக இருந்தது. அவள் கூரைக்கு வெளியே, சாலை விளிம்பில் போய் நின்றாள். கண்களை மூடி, முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, முதலில் ஒரு கன்னத்தையும் பிறகு மறு கன்னத்தையும் வெயிலுக்குத் திருப்பிக் கொடுத்தாள்.